தள்ளுபடியில் கிடைக்கும் பழைய வெள்ளை ஒயின்: வாங்கலாமா?

கேள்வி: தென் பிரான்சின் மோன்பெலியே நகரில் வசிக்கிறேன். பக்கத்து சூப்பர் மார்க்கெட்டில் 'பிக்பூல் தெ பினே' வெள்ளை ஒயின் இரண்டு விலையில் இருக்கிறது. சென்ற அறுவடையில் வந்தது 8 யூரோ, நான்கு ஆண்டு பழையது 5 யூரோ. ஒயின் பழசானால்தான் மதிப்பு என்கிறார்களே, எதை வாங்குவது?

பதில்: 8 யூரோ பாட்டிலையே எடுங்கள். நாள்பட ருசி கூடுவது சில ஒயின்களுக்கு மட்டும்தான். பிக்பூலுக்கு உயிரே அதன் புளிப்பும், எலுமிச்சையையும் பச்சை ஆப்பிளையும் நினைவூட்டும் வாசமும்தான். இரண்டு ஆண்டு தாண்டினால் அந்த வாசம் மங்கத் தொடங்கிவிடும். மூன்று யூரோ மிச்சம் பிடிக்கப்போய் சப்பென்ற ஒயினைக் குடிக்க வேண்டாம்.

மத்தியதரைக் கடலோரத்தில் இருக்கும் 'தோ' என்ற காயலை ஒட்டிய பினே, மேஸ் முதலிய ஆறு ஊர்களில் விளையும் பிக்பூல் திராட்சையை மட்டுமே வைத்துச் செய்வது இது. கொளுத்தும் கோடையிலும் புளிப்பை இழக்காத திராட்சை. 2013 முதல் இந்த ஒயினுக்கென்று தனிப் புவிசார் அங்கீகாரம் இருக்கிறது. 1995-இல் அறிமுகமான ஒல்லியான பச்சை பாட்டிலைப் பார்த்தே பலர் எடுத்துவிடுகிறார்கள். அது போதாது, லேபிளில் அறுவடை ஆண்டையும் பாருங்கள். பெரும்பகுதி ஒயின் கூட்டுறவுச் சங்கங்களில்தான் தயாராகிறது. அங்கே தயாரானது மட்டம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். நல்ல சரக்கு அங்கேயே கிடைக்கும்.

கேள்வி: இதற்கு என்ன உணவு பொருந்தும்?

பதில்: முதலில் சிப்பி, அதுவும் அதே தோ காயலின் கரையிலுள்ள பூசிக் ஊரின் சிப்பி. மத்தியதரைக் கடலில் ஓதம் மிகக் குறைவு என்பதால் அங்கே சிப்பியைக் கயிற்றில் மூன்று மூன்றாக சிமென்ட் வைத்து ஒட்டி, நீருக்குள் தொங்கவிட்டு வளர்க்கிறார்கள். சதையில் உப்பு தூக்கலாக இருக்கும். அந்த உப்புக்கு இந்த ஒயினின் புளிப்பே போதும், எலுமிச்சை பிழிய வேண்டாம். சிறு வெங்காயம் நறுக்கிப் போட்ட வினிகரைத் தட்டோடு வைப்பார்கள். அதை ஓரமாகத் தள்ளிவிடுங்கள். வினிகர் பட்ட நாக்கில் ஒயினின் மென்மையான வாசம் எதுவும் தெரியாது.

சிப்பி பிடிக்காதவர்கள் 'தியெல்' வாங்கலாம். பேய்க்கணவாயைத் தக்காளி, மிளகாயோடு வேகவைத்து ரொட்டி மாவுக்குள் பொதிந்து சுடும் வட்டமான பண்டம் அது. இத்தாலியிலிருந்து குடியேறியவர்கள் வழியாக செத் துறைமுகத்துக்கு வந்தது. அதன் எண்ணெய்ப் பசையையும் காரத்தையும் ஒரு மடக்கு பிக்பூல் கழுவிவிடும். திராட்சைச் சுள்ளித் தணலில் வாட்டிய மட்டி, பொரித்த நெத்திலி, செவென் மலைப்பகுதியின் 'பெலார்தோன்' ஆட்டுப்பால் சீஸ் ஆகியவையும் பொருந்தும். மாட்டிறைச்சிக் குழம்புக்கும் இனிப்புக்கும் இது சரிவராது. ரோக்ஃபோர் போன்ற காட்டமான சீஸோடு வைத்தால் ஒயின் இருக்கும் இடமே தெரியாது.

கேள்வி: எவ்வளவு குளிரில் குடிப்பது? திறந்த பாட்டில் எத்தனை நாள் தாங்கும்?

பதில்: 8 முதல் 10 டிகிரி செல்சியஸ் சரியானது. குளிர்பதனப் பெட்டியின் உள்ளே அதைவிடக் குளிர்ச்சி அதிகம் என்பதால் கால் மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வையுங்கள். திறந்தபின் இறுக மூடிக் குளிரில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். அதன்பிறகும் மீந்தால் பூண்டு, வெண்ணெயோடு மட்டி வேகவைக்க ஊற்றிவிடுங்கள்.