முத்தான கையெழுத்து, ஆனால் படிக்கத் தெரியவில்லை

கேள்வி: முதுகுளத்தூர் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் இடைநிலை ஆசிரியையாகச் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. ஐந்து வகுப்புகள், 38 குழந்தைகள். நானும் தலைமை ஆசிரியரும்தான். அவர் கூட்டம், பதிவேடு என்று வாரத்தில் இரண்டு நாள் வெளியே போய்விடுகிறார். அன்றைக்கு ஐந்து வகுப்பும் என் தலையில். நான்காம் வகுப்பில் ஒரு பையன் முத்து முத்தாக எழுதுகிறான். எழுதியதை அவனுக்கே படிக்கத் தெரியவில்லை. சார்ட், கலர் பென்சில் என்று சம்பளத்தில் மாதம் மூவாயிரம் போகிறது. திரும்பி வரும் பஸ்ஸில் அழுகை வருகிறது. எனக்கு இந்த வேலை வராதோ அம்மா?
– பெயர் வெளியிட விரும்பாத ஆசிரியை

பதில்: அந்தப் பையனிலிருந்தே தொடங்குகிறேன். அவன் கரும்பலகையைப் பார்த்துக் கோலம் போடுகிறான், அவ்வளவுதான். வளைவு, சுழி, கொம்பு எல்லாம் சரியாக விழும். சத்தம் மட்டும் மனதில் இருக்காது. நான் வேலை பார்த்த பள்ளிகளில் இப்படி ஆண்டுக்கு ஓரிருவர் அகப்படுவார்கள். பெரும்பாலும் அமைதியான பிள்ளைகள். நோட்டு அழகாக இருப்பதால் யாரும் தோண்டிப் பார்ப்பதில்லை.

பாடப்புத்தகத்தைக் கொஞ்ச நாள் மூடி வையுங்கள். வீட்டில் என்ன நடக்கிறது என்று அவனைச் சொல்லச் சொல்லுங்கள். உங்கள் பக்கம் சீமைக்கருவேலம்தானே காடு? "எங்கள் அப்பா கரி மூட்டம் போடுகிறார். ராத்திரி முழுக்கப் புகை வரும்" என்று சொல்வான். அவன் சொன்னதை அவன் கண்முன்னே ஒரு பழைய காலண்டரின் பின்பக்கம் பெரிய எழுத்தில் எழுதுங்கள். விரல் வைத்துச் சேர்ந்து படியுங்கள். பிறகு சொல் சொல்லாக வெட்டிக் கலைத்துப் போட்டு, "புகை எங்கே?" என்று கேளுங்கள். முதல் நாள் தவறாக எடுப்பான், எடுக்கட்டும். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும். "புகை"யில் இருக்கும் "பு" வேறு எந்தச் சொல்லில் வருகிறது என்று அவனே தேட ஆரம்பிக்கும் நாள் வரும்.

இனி ஐந்து வகுப்பு விவகாரம். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 60 குழந்தைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் போதும் என்கிறது. தலையை எண்ணினார்கள், வகுப்பை எண்ண மறந்தார்கள். அந்தக் கணக்குப் பிழையை உங்கள் திறமைக் குறைவு என்று எடுத்துக்கொண்டு பஸ்ஸில் அழுகிறீர்கள்.

நானும் முதல் ஆண்டில் ஐந்து வகுப்புக்கும் ஐந்து நிற மையில் கால அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினேன். இரண்டு வாரம் ஓடியது. ஒரு நாள் ஒன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, மண்ணில் விளையாடிக்கொண்டே ஐந்தாம் வகுப்புச் செய்யுளைப் பிசகாமல் பாடினாள். அவளுக்கு அப்போது "அ" எழுத வராது. ஒரே அறையில் இருந்தால் எல்லோர் காதிலும் எல்லாம் விழுகிறது. நான்தான் நடுவில் இல்லாத சுவரைக் கட்டிக்கொண்டிருந்தேன். அன்று சாயங்காலம் அட்டவணையைக் கிழித்துவிட்டேன்.

கதை, பாட்டு, சூழ்நிலையியல் உரையாடல் எல்லாம் 38 பேருக்கும் சேர்த்து நடக்கட்டும். வாசிப்புக்கும் கணக்குக்கும் மட்டும் பிரியுங்கள், அதுவும் வகுப்பு வாரியாக வேண்டாம். 2022இல் தமிழக அரசு தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில், பிள்ளைகளை அவரவர் கற்றல் நிலைப்படி அரும்பில் தொடங்கி மொட்டு, மலர் என்று பிரித்திருப்பது இதற்காகத்தான். நான்காம் வகுப்புப் பையன் அரும்புக் குழுவில் உட்கார்ந்தால் வெட்கப்படுவான் என்று தோன்றினால், எண்ணிப் பழக வைத்திருக்கும் புளியங்கொட்டை டப்பாவை அவன் பொறுப்பில் விடுங்கள். அங்கே உட்கார அவனுக்கு ஒரு காரணம் கிடைத்துவிடும்.

பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லித்தருவதும் நமக்குப் புதிதல்ல. திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளையை உங்கள் தாத்தா பாட்டியே பார்த்திருக்கக்கூடும். எழும்பூரில் ஆதரவற்ற பிள்ளைகளின் பள்ளி ஒன்றை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர், நம் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்துத் தம் பள்ளியிலும் அதைப் புகுத்தினார். பிள்ளைகளைக் கொண்டே பிள்ளைகளுக்குக் கற்பித்த தம் அனுபவத்தை 1797இல் லண்டனில் புத்தகமாகவும் போட்டார். அங்கே அதற்கு மதராஸ் முறை என்றே பெயர். ஆனால் ஒன்று: ஐந்தாம் வகுப்பில் கெட்டிக்காரப் பெண் ஒருத்தி இருப்பாள், எல்லா வேலையும் அவளிடம் போய்ச் சேரும். அவளும் படிக்க வந்தவள்தான். வாரம் இரண்டு நாளுக்கு மேல் அவளை அந்த வேலையில் விடாதீர்கள்.

மூவாயிரம் ரூபாயை இந்த மாதமே நிறுத்துங்கள். இதில் நான் கண்டிப்பானவள். பள்ளி மானியம் என்று ஒன்று இருக்கிறது. 30க்கு மேல் 100 வரை மாணவர்கள் உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 25,000 ரூபாய் என்பது சமக்ர சிக்ஷா என்ற மத்திய அரசின் பள்ளிக் கல்வித் திட்டத்தின் விதி. எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது என்று தலைமை ஆசிரியரிடம் தணிந்த குரலில் கேளுங்கள். தேவைகளைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் சொல்லித் தீர்மானமாக எழுதவையுங்கள். அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான். சார்ட் வாங்கித் தர அவர்களிடம் காசு இருக்காது. கூரை ஒழுகுகிறது என்று ஒன்றிய அலுவலகத்தில் போய் நிற்க ஆள் இருக்கும்.

தலைமை ஆசிரியரையும் வில்லனாக்கிவிடாதீர்கள். பாதி நாள் அவர் குமாஸ்தா வேலைதான் பார்க்கிறார். பள்ளியில் இருக்கும் மூன்று நாளும் காலை முதல் ஒரு மணி நேரம் மலர்க் குழுவை அவரே எடுக்க வேண்டும் என்று மட்டும் கேளுங்கள். பொத்தாம்பொதுவாக உதவி கேட்டால் எதுவும் நடக்காது.

இந்த வேலை வராதோ என்கிறீர்கள். அந்தப் பையனின் நோட்டில் மூன்று ஆண்டாக நன்று, மிக நன்று என்று கையெழுத்துப் போட்டிருப்பார்கள், எடுத்துப் பாருங்கள். அவனுக்குப் படிக்கத் தெரியவில்லை என்பதை நான்கு மாதத்தில் கவனித்தவர் நீங்கள்.

இன்னொன்று சொல்ல மறந்துவிட்டேன். மாசி, பங்குனியில் மிளகாய்ப் பழம் பறிப்பு வரும். பெரிய பிள்ளைகள் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்றுவிடுவார்கள், வருகை பாதியாகும். அந்த வாரங்களில் புதுப் பாடம் எதுவும் தொடங்காதீர்கள். வீட்டுக்குப் போனால், கண்டிக்க வந்ததாகக் காட்டிக்கொள்ளாமல் களத்தோரம் உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள். அந்தக் கைக்குழந்தையையும் தூக்கிக்கொண்டு வரச் சொன்னால் அக்காக்காரி வந்துவிடுவாள். என் வகுப்பில் ஒரு தூளிகூடத் தொங்கியது.