பூண்டுச் சாறு பூச்சிமருந்தின் நஞ்சை முறிக்குமா?

கேள்வி: ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்து தெளித்த வயலின் வரப்பில் என் ஆடுகள் மேய்கின்றன. தினமும் பூண்டுச் சாறு புகட்டினால் நஞ்சு ஏறாது என்கிறார்கள். கொடுக்கலாமா? தெளிக்கும் நாளில் நானும் குடிக்கலாமா?

பதில்: புகட்ட வேண்டாம். முதலில் ஆடுகளை அந்த வரப்பிலிருந்து ஓட்டி வேறிடத்தில் கட்டுங்கள்.

பூண்டைப் பற்றிய பேச்சு முழுக் கற்பனை அல்ல. பல்லை நசுக்கியதும் மூக்கில் ஏறும் நெடி, நசுக்காத பல்லில் இருப்பதில்லை. நசுங்கும்போதுதான் பல்லில் இருக்கும் அல்லீன் என்ற கந்தகச் சேர்மமும் அல்லினேஸ் நொதியும் கலந்து, அந்த நெடியைத் தரும் அல்லிசின் உண்டாகிறது. அதிலிருந்து வேறு கந்தகச் சேர்மங்கள் பிறக்கின்றன. பூச்சிமருந்தால் ஈரலில் ஏற்படும் ஆக்சிஜனேற்றச் சேதத்தைப் பூண்டுச் சாறு ஓரளவு குறைப்பதை எலிகளிலும் மீன்களிலும் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் அங்கே நஞ்சையும் அளந்து கொடுக்கிறார்கள், சாற்றையும் அளந்து கொடுக்கிறார்கள். உங்கள் ஆடு எத்தனை வாய் தழை கடித்தது என்று யாருக்குத் தெரியும்?

அதைவிட முக்கியம், இந்த மருந்து ஆட்டைச் சாய்ப்பது நரம்பு வழியாக. அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதியை முடக்கிவிடுவதால் நரம்பின் தூண்டுதல் அடங்காமல் நீடிக்கிறது. எச்சில் ஒழுகும், கண்பாவை சுருங்கும், தொடைத் தசை துடிக்கும், கழியும், மூச்சு திணறும். முடங்கிய நொதியைப் பூண்டு மீட்காது. அப்போது தேவைப்படுவது கால்நடை மருத்துவர் போடும் அட்ரோபின் ஊசி. சாறு பிழியும் நேரத்தில் ஆட்டை இழந்துவிடுவீர்கள் என்பதுதான் என் பயம். மருத்துவர் வரும்வரை எண்ணெய், பால் எதையும் வாயில் ஊற்றாதீர்கள். திணறும் ஆட்டுக்கு அது நுரையீரலுக்குள் போய்விடும். மேலில் மருந்து பட்டிருந்தால் கையுறை போட்டுக்கொண்டு சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவுங்கள். மருந்துப் புட்டியின் லேபிளை மருத்துவரிடம் காட்டுங்கள்.

தினமும் பூண்டு புகட்டுவதில் இன்னொரு கேடும் உண்டு. அளவு மிஞ்சினால் பூண்டின் கந்தகச் சேர்மங்கள் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். கீழிமையை விரித்துப் பாருங்கள்: உட்புறம் வெளுத்து, சிறுநீரும் கருஞ்சிவப்பாகப் போனால் சோகை முற்றிவிட்டது. பால் தரும் ஆடென்றால் பாலிலும் நெடி வரும்.

நீங்கள் உணவில் பூண்டு சேர்ப்பதில் தவறில்லை. பூண்டுச் சாறு குடித்த தைரியத்தில் கையுறையையும் முகக்கவசத்தையும் விட்டுவிடாதீர்கள், இந்த மருந்து தோல் வழியாகவே உடலுக்குள் போகும். காற்றுக்கு எதிராக நின்று தெளிக்காதீர்கள். முடிந்ததும் குளித்துவிட்டு, அந்த உடையைத் தனியாகத் துவையுங்கள். மேய்ச்சலுக்கு எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்று லேபிளில் போட்டிருக்கிறதோ, அத்தனை நாளும் அந்த வரப்பில் ஆடு கால் வைக்கக் கூடாது.