ஓட்டல் மேனேஜ்மென்ட் என்றால் சமையல் மட்டும்தானா?

தங்கை பன்னிரண்டாவது முடித்துவிட்டாள், ஓட்டல் மேனேஜ்மென்ட் படிக்க ஆசைப்படுகிறாள், ஆனால் அது சமையல் வேலைதானே என்று வீட்டில் தயங்குகிறார்கள் என்று மும்பை மாட்டுங்காவிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் படிக்கட்டும். சமையல் அதில் ஒரு பகுதிதான். ரிசப்ஷன், ஹவுஸ்கீப்பிங், உணவு பரிமாறுதல் என்று இன்னும் மூன்று பெரிய பிரிவுகள் உண்டு, மூன்று வருட பி.எஸ்சி படிப்பில் நான்கையும் கற்றுத் தருவார்கள், எதில் மனம் ஒட்டுகிறது என்று அப்புறம் முடிவு செய்துகொள்ளலாம்.

உங்களுக்குப் பக்கத்திலேயே தாதரில் ஐ.எச்.எம். என்ற ஓட்டல் மேனேஜ்மென்ட் கல்லூரி இருக்கிறது, 1954இல் தொடங்கியது. அதில் சேர என்சிஎச்எம் ஜேஇஇ என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். ஆங்கிலம், கணக்கு, பொது அறிவோடு சேவை மனப்பான்மையையும் சோதிப்பார்கள்.

நான் அந்தேரியில் ஒரு ஓட்டல் ரிசப்ஷனில் இருக்கிறேன். இரவு ஷிஃப்டில் நைட் ஆடிட் என்று ஒன்று உண்டு: அன்றைய அறை வாடகை, சாப்பாட்டு பில், கார்டு ரசீது எல்லாம் ஒத்துப்போகிறதா என்று வரிவரியாகப் பார்த்துக் கணக்கை முடிக்க வேண்டும், அந்த நேரம் பார்த்து விடியற்காலை விமானத்துக்குக் கிளம்புகிறவர் எதிரில் வந்து நின்றாலும் முகம் சுளிக்காமல் பேச வேண்டும். தமிழ், இந்தி, மராத்தி மூன்றும் பேசும் மும்பைப் பிள்ளைக்கு இது நன்றாகவே கைவரும்.

ஆனால் தீபாவளி, பொங்கலுக்கு லீவு கிடைப்பது கஷ்டம். அதைத் தங்கையிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.