கிரியாட்டினின் 1.4, கொஞ்சம்தானே கூட?

கேள்வி: டாக்டர், எங்க அப்பாவுக்கு 58 வயசு, 12 வருஷமா சுகர். போன மாசம் கிரியாட்டினின் 1.4னு வந்துச்சு. லேப்ல "கொஞ்சம்தான் கூட, வாழைத்தண்டு ஜூஸ் குடிங்க சரியாயிடும்"னாங்க. முட்டி வலிக்கு மட்டும் மெடிக்கல்ல மாத்திரை வாங்கி தினம் போட்டுக்கிறார். பயப்படணுமா?
- வாசகி, ஈரோடு

பதில்: அந்த 'கொஞ்சம்'தாம்மா ஆளைக் கவுக்குறதே. கிரியாட்டினின்ங்கறது ரத்தத்துலேர்ந்து கிட்னி வடிகட்டி வெளியேத்துற ஒரு கழிவு, கிட்னி வேலை பாதிகிட்ட குறையற வரைக்கும் அது பல பேருக்கு நார்மல்லயே காட்டும், அதனால அந்த நம்பரை நான் தனியா நம்பவே மாட்டேன், வயசு, ஆணா பொண்ணானு சேர்த்துக் கணக்கு போட்டா ஈஜிஎஃப்ஆர்னு (கிட்னி எவ்வளவு வேகமா வடிகட்டுதுங்கற அளவு) ஒண்ணு வரும், அதைத்தான் பாப்பேன். அப்பாவுக்கு அது சுமார் 58. இதே 1.4 அதே வயசுல ஒரு அம்மாவுக்கு வந்திருந்தா 44கிட்ட இறங்கியிருக்கும், ஏன்னா கிரியாட்டினின் சதையிலேர்ந்து வர்றது, பொம்பளைங்களுக்கு பொதுவா சதை கம்மி. 60க்குக் கீழ 3 மாசத்துக்கு மேல நின்னா நாள்பட்ட கிட்னி நோய்னு அர்த்தம், 15க்குக் கீழ போனா அது ஃபெயிலியர். அப்பா அங்கேருந்து ரொம்ப தூரத்துல இருக்கார், ஆனா சும்மா விட்டா அங்கதான் போவார்.

3 மாசத்துக்குள்ள திரும்ப எடுங்க, கூடவே யூரின்ல ஆல்புமின் (ஒரு புரோட்டீன்) - கிரியாட்டினின் ரேஷியோ பாருங்க. 30க்கு மேல இருந்தா புரோட்டீன் ஒழுகுதுனு அர்த்தம், ரத்த டெஸ்ட்ல தெரியறதுக்கு முன்னாடியே இதுல தெரிஞ்சுடும். சுகர்காரங்க வருஷா வருஷம் எடுக்க வேண்டிய டெஸ்ட் இது, 12 வருஷத்துல எத்தனை தடவை எடுத்திருக்கீங்கனு கேட்டா பாதிப் பேரு முழிப்பாங்க.

அந்த வலி மாத்திரையை இன்னைக்கே நிறுத்துங்க. டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் எல்லாம் கிட்னிக்குப் போற ரத்தத்தைக் குறைச்சுடும், தினம் போட்டா கேக்கவே வேணாம். வேடிக்கை என்னன்னா, சுகர் மாத்திரை தின்னா கிட்னி போயிடும்னு அதை ஒளிச்சு வைக்கிறவர்தான் டைக்ளோவை மிட்டாய் மாதிரி போட்டுக்குவார்! கிட்னியைக் கெடுக்குறது கட்டுப்படாத சுகரும் பிபியும்தான், அதுக்கான மாத்திரை இல்ல. வாழைத்தண்டு பொரியல் வச்சு சாப்பிடட்டும், ஆனா அது கிரியாட்டினினைக் குறைக்கும்னு நம்பாதீங்க. இந்துப்பும் உப்புதான், சோடியம்தான். 'லோ சோடியம்'னு விக்கிறாங்களே, அதுல பல பிராண்டுல பொட்டாசியம் சேர்த்திருப்பாங்க, கிட்னி நல்லா வடிகட்டாதவங்களுக்கு அது இதயத்தையே பாதிக்கும், அதை வீட்டுக்குள்ளயே விடாதீங்க.

கேள்வி: என் மாமனாருக்கு 20 வருஷ சுகர் இப்ப தானா குறைஞ்சிடுச்சு, இன்சுலினையே பாதியாக்கிட்டோம். கால் மட்டும் வீங்குது. நல்ல அறிகுறிதானே?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: இல்லீங்க, உடனே கிட்னி டெஸ்ட் எடுங்க. இன்சுலினை உடம்பிலேர்ந்து வெளியேத்துறதுல கிட்னிக்கும் பெரிய பங்கு இருக்கு, அது தளர்ந்துபோனா போட்ட இன்சுலின் ரொம்ப நேரம் உள்ளயே நிக்கும், சுகர் இறங்கும், வீட்ல எல்லாரும் சுகர் சரியாயிடுச்சுனு சாமிக்கு பொங்கல் வைப்பாங்க. கால் வீக்கமும் சேர்ந்து இருக்கறதுனால இதைத் தள்ளிப் போடாதீங்க. ராத்திரில லோ சுகர் ஆகுதானும் கவனிங்க.

கேள்வி: டயாலிசிஸ் ஒரு தடவை ஆரம்பிச்சா விடவே முடியாதாமே?
- வாசகி, மதுரை

பதில்: எலிக்காய்ச்சல், பாம்புக்கடி, நிக்காத வயித்துப்போக்குனு திடீர்னு கிட்னி படுத்துட்டா சில வாரம் பண்ணிட்டு நிறுத்தினவங்க நிறைய பேர் இருக்காங்க, அவங்க கிட்னி திரும்ப எழுந்துடும். வருஷக்கணக்கா கெட்டுப்போனதுதான் திரும்பாது, அதுக்கு வாரம் 3 தடவை, ஒவ்வொண்ணும் 4 மணி நேரம், இல்லன்னா மாற்று கிட்னி. ஆனா டயாலிசிஸ் பழக்கமாக்கி கிட்னியைக் கெடுக்கும்ங்கறது தப்பு, கிட்னி ஏற்கெனவே கெட்டதாலதான் அதைப் பண்றாங்க. டாக்டர் "இன்னும் கொஞ்ச நாள்ல தேவைப்படலாம்"னு சொல்லிட்டா ஒண்ணு மட்டும் செய்ங்க, அதிகம் பழக்கமில்லாத கையில (பெரும்பாலும் இடது கை) ரத்தம் எடுக்கவோ டிரிப் போடவோ விடாதீங்க. பின்னாடி ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக கையில ரெண்டு ரத்தக் குழாயை இணைக்கிற சின்ன ஆபரேஷன்) போட அந்த ரத்தக் குழாய்தான் வேணும்.