நாத்தனார் பிள்ளைகள் விடுமுறைக்கு வருகிறார்கள்

கேள்வி: மேற்கு மாம்பலத்தில் இரண்டு படுக்கையறை கொண்ட வீட்டில், மூன்றாவது மாடியில் வசிக்கிறோம். எங்களுக்கு எட்டு வயதில் ஒரு மகன் இருக்கிறான். திருநெல்வேலியில் இருக்கும் என் நாத்தனாரின் மூன்று பிள்ளைகளும் (பெரியவள் 11, பையன் 8, சின்னவள் 6) மே மாதத்தில் இரண்டு வாரம் எங்களோடு தங்க வருகிறார்கள். பெற்றோர் இல்லாமல் அவர்கள் வருவது இதுவே முதல் முறை. நான் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன்; பள்ளிச் சீருடைத் துணிகள் குவியும் நேரம் அது. இந்த வெயிலில் தினமும் அவர்களை எங்கே அழைத்துப் போவது? தவறு செய்தால் கண்டிக்கலாமா? "அத்தை திட்டினாள்" என்று ஊரில் பேச்சாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.
— ஒரு வாசகி, மேற்கு மாம்பலம்

பதில்: சகோதரி, உங்கள் கடைசிக் கேள்விக்கான விடையைப் பிள்ளைகள் ரயில் ஏறும் முன்பே நாத்தனாரிடம் பேசி முடித்துவிடுங்கள். "என் மகனுக்கு என்ன சட்டமோ அதுதான் இவர்களுக்கும், கைப்பேசி எவ்வளவு நேரம், எத்தனை மணிக்குத் தூக்கம் என்பதை நானே சொல்வேன், சம்மதமா?" என்று வெளிப்படையாகக் கேளுங்கள். அதே பேச்சைப் பிள்ளைகளின் காதிலும் அவரே போட்டு அனுப்பட்டும். அம்மா கொடுத்த அதிகாரம் என்று தெரிந்துவிட்டால், அத்தை அதட்டியது ஊரில் பேச்சாகாது. மூவருக்கும் ஒவ்வாத உணவு, மருந்து எவை, காய்ச்சல் மருந்தின் அளவைக் கணக்கிட உடல் எடை எவ்வளவு என்பவற்றையும் அப்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அவர்களை விருந்தாளிகளாக நடத்தாதீர்கள் என்பதுதான் நான் உங்களிடம் வலியுறுத்த விரும்புவது. என் தங்கை மகன் ஐந்து வயதில் முதன்முதலாக எங்கள் வீட்டில் தங்கியபோது, இரண்டு நாள் வரை தன் பையைத் தொடவே விடவில்லை. சாப்பிடும்போதும் அதைப் பக்கத்திலேயே வைத்திருந்தான். மூன்றாம் நாள் அலமாரியின் கீழ்த்தட்டை ஒழித்து, "இது உன் இடம்" என்றேன். அன்று மாலை அவனே உட்கார்ந்து சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினான், அதன் பிறகு பையை அவன் திரும்பிப் பார்க்கவில்லை. உங்கள் வீட்டில் இடம் குறைவுதான். ஆனாலும் ஆளுக்கு ஒரு தட்டு, ஒரு கொக்கி, ஒரு தம்ளர் ஒதுக்கிவிடுங்கள்.

சின்னவளைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. பகலெல்லாம் ஓடி ஆடிவிட்டு, விளக்கை அணைத்ததும் அம்மாவைக் கேட்பாள். அந்த நேரத்தில் வீடியோ அழைப்பு போட்டுக் கொடுக்காதீர்கள். திரையில் அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அடக்கி வைத்திருந்த அழுகை உடைந்துவிடும். மாலைச் சிற்றுண்டி முடிந்து விளையாடப் போகும் முன் பேச வையுங்கள், பேச்சும் சுருக்கமாக முடியும். நாத்தனாரின் பழைய புடவை ஒன்றைத் துவைக்காமல் கொடுத்தனுப்பச் சொல்லுங்கள்; அந்த வாசனையோடு, அக்காவின் பக்கத்தில் படுத்தால் தூக்கம் வந்துவிடும். படுக்கை நனைந்தால் மற்ற பிள்ளைகள் எழும் முன் விரிப்பை மாற்றிவிடுங்கள், அதைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தையும் வேண்டாம்.

தினமும் வெளியே போக வேண்டியதில்லை. இரண்டு வாரத்துக்கு நான்கு பயணங்கள் தாராளம். அக்னி நட்சத்திரம் மே 4ஆம் தேதியை ஒட்டித் தொடங்கிவிடும் என்பதால், காலை பதினொன்று முதல் நான்கு மணி வரை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். நீர்மோரும் நுங்கும் தர்பூசணியும் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். வெயில் ஏறும் முன் மொட்டைமாடியில் கூழ் வற்றல் போடுவதைப் போன்ற வேலை பிள்ளைகளுக்கு வேறில்லை. பழைய வேட்டியை நனைத்து விரிப்பது பையன்களின் பொறுப்பு, அச்சில் பிழிவது பெரியவளின் பொறுப்பு. காக்கை விரட்டும் உத்தியோகம் சின்னவளுக்கு. வெயில் ஏறியதும் அவளைக் கீழே அழைத்துவிடுங்கள். மாலையில் பாதி காய்ந்த வற்றலைப் பிய்த்துத் தின்பார்கள், தின்னட்டும். மதியம் அவர்கள் படம் வரையும் இரண்டு மணி நேரம் உங்கள் தையலுக்கு. எழுந்து போகும்போதெல்லாம் இயந்திரத்தின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கத்தரிக்கோலை உயரத்தில் வையுங்கள்; பால்கனியில் முக்காலி, நாற்காலி எதுவும் கிடக்கக் கூடாது.

ஒரு நாள் மாம்பலத்திலிருந்து மின்சார ரயிலில் நான்காவது நிறுத்தமான எழும்பூருக்குப் போங்கள்; மூவருக்கும் அரை டிக்கெட்தான். 1851இல் தொடங்கிய அரசு அருங்காட்சியகத்தில் திமிங்கில எலும்புக்கூட்டைப் பார்த்துவிட்டு, ஆதிச்சநல்லூர்ப் பொருள்களிடம் அவர்களைக் கட்டாயம் நிறுத்துங்கள். தாமிரபரணிக் கரையில் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ நூறாண்டுகளுக்கு முன் அகழ்ந்தெடுத்தவற்றில் பல அங்கே இருக்கின்றன. தங்கள் ஊர்ப்பக்கத்துப் பொருள்களைச் சென்னையில் பார்க்கும் பெருமை அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைக்க வேண்டும். வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால் வேறு நாளில் போங்கள். வெயில் தாளாத ஒரு நாளில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் சிறுவர் பிரிவு கைகொடுக்கும். மெரினாவுக்கு மாலை ஐந்து மணிக்கு மேல், கணவரும் உடன் இருந்தால் மட்டும் போங்கள். கால் நனைப்பதோடு சரி, கடலில் இறங்க விடாதீர்கள். உங்கள் கைப்பேசி எண்ணை எழுதி ஒவ்வொருவர் பையிலும் போட்டுவிடுங்கள்.

உங்கள் மகனை மறந்துவிடாதீர்கள். ஒரே வயதுப் பையன் வீட்டுக்குள் வரும்போது சண்டை சைக்கிளில்தான் தொடங்கும். "அவன் விருந்தாளி, விட்டுக்கொடு" என்று ஒருமுறை சொன்னாலும் அவனுக்கு அந்த இரண்டு வாரமும் கசந்துவிடும். அவர்கள் வருவதற்கு முதல் நாள் அவனை உட்காரவைத்து, யாருக்கும் தர விருப்பமில்லாத இரண்டு பொருள்களை அவனையே தேர்ந்தெடுக்கச் சொல்லி, பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். மற்றவை நால்வருக்கும் பொது என்பதற்கு அவனே ஒப்புக்கொள்வான்.