அடக்கி வைத்தால் வரும் எரிச்சல்

கேள்வி: கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஆறு மாதத்தில் இரண்டாவது முறையாகச் சிறுநீர்த் தொற்று. கல்லூரிக் கழிப்பறை அசுத்தமாக இருப்பதால் காலை 8 மணி முதல் மாலை வரை அடக்கிக்கொள்கிறேன், தண்ணீரும் குடிப்பதில்லை. கழிப்பறையிலிருந்து தொற்றியிருக்குமா?

பதில்: பாவம், அந்தக் கழிப்பறை மீது பழி போடாதீர்கள்! பெரும்பாலும் காரணம் நம் குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாதான். பெண்களின் சிறுநீர்க் குழாய் சுமார் 4 செ.மீ. நீளமே, ஆசனவாய்க்கும் பக்கம். கிருமி ஏறிவிடுவது எளிது. ஏறியதை அடித்து வெளியேற்றுவது சிறுநீரின் ஓட்டம். அதைத்தான் நீங்கள் பகல் முழுக்க நிறுத்தி வைக்கிறீர்கள். நானும் மாணவியாக இருந்தபோது, நீண்ட வகுப்பு நாட்களில் தண்ணீர்ப் புட்டியைத் திறக்காமலே திருப்பிக் கொண்டுவந்தவள்தான். பட்டுத்தான் திருந்தினேன்.

மூன்று, நான்கு மணிக்கொரு முறை போய்விடுங்கள். முன்னிருந்து பின்னாகச் சுத்தம் செய்யுங்கள். அந்த இடத்தில் வாசனைத் திரவங்கள் வேண்டாம். தாம்பத்திய உறவும் இதற்கு ஒரு காரணம்; கூச்சப்படாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள், அது குற்ற விசாரணை அல்ல.

ஆறு மாதத்தில் இருமுறை என்பதால் சிறுநீர் கல்ச்சர் பரிசோதனை (சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்து, அது எது என்று கண்டறிவது) அவசியம். தோழியிடம் மிஞ்சிய ஆன்டிபயாடிக் மாத்திரையை வாங்கிப் போடாதீர்கள். குளிர் காய்ச்சல், விலாப்பக்க வலி, வாந்தி வந்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தொற்று சிறுநீரகம் வரை போயிருக்கலாம்.