நாம் கட்டும் சொத்து வரியில்தான் ஏழைகளுக்கான அடுக்குமாடி வீடுகள் எழுகின்றனவா?

சொத்து வரி என்பது கட்டடத்தின் பரப்பு, இடம், பயன்பாடு ஆகியவற்றைக் கணக்கிட்டுத் திருநெல்வேலி மாநகராட்சி அரையாண்டுதோறும் வாங்கும் தொகை. குப்பை அள்ளுதல், தெருவிளக்கு, சாலை போன்ற அன்றாடச் செலவுகளுக்கே அது சரியாகிவிடுவதால், வீடு கட்டும் பெருஞ்செலவு ஒன்றிய, மாநில அரசுகளின் மானியத்திலும் பயனாளியின் பங்குத்தொகையிலும் நின்று, நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் வழியே நடக்கிறது. நம்மூர் அம்மன் கோயில் கொடைக்குத் தலைக்கட்டு வரி பிரிப்பதைப் போலத்தான்: பந்தலுக்கும் மேளத்துக்கும் அது போதும், கோபுரம் எழுப்ப வெளியூர் நன்கொடை வேண்டும். 2022-இல் இங்கே வரி உயர்ந்தபோது 600 சதுர அடிக்குட்பட்ட வீட்டுக்கு 25 சதவீதமும், 1,800 சதுர அடியைத் தாண்டியதற்கு 100 சதவீதமும் கூடியது; சுமை கூடியதை மறுப்பதற்கில்லை. வாடகைக்குக் குடியிருப்போருக்கு இவ்வரியே கிடையாது என்று பலர் எண்ணுகிறார்கள். ரசீது வீட்டுக்காரர் பெயரில் இருந்தாலும், அதில் ஒரு பங்கு பெரும்பாலும் வாடகையோடு சேர்ந்தே வருகிறது.